நிறுவல் கையேட்டின் அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

நெட்வொர்க் மென்பொருளுக்கு நிறுவல் கையேடு எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் கையேட்டை வைத்துத்தான் நாங்கள் சர்வர்களைத் தயார் செய்கிறோம். நள்ளிரவு மெயின்டெனன்ஸ் நேரத்தில் உட்கார்ந்திருப்பவர் அதிலுள்ள கட்டளையை அப்படியே காப்பி செய்து ஒட்டுவார். அதில் நெட்வொர்க் கார்டை ஐஜிபி-யுஐஓ (igb_uio) என்ற டிரைவரோடு இணைக்கச் சொல்லும் வரியை மாற்றச் சொல்லித்தான் இந்த மடல்.

லினக்ஸ் கெர்னலைத் தாண்டி அப்ளிகேஷனே பாக்கெட்டுகளைக் கையாள உதவும் டிபிடிகே (DPDK) ஏன் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 10 கிகாபிட் இணைப்பில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் நொடிக்கு 1.488 கோடி, ஒரு பாக்கெட்டுக்குக் கிடைப்பது 67 நானோநொடி. கெர்னலின் வழக்கமான பாதையில் ஒரே கோர் இதைச் சமாளிக்காது. ஆகவே கார்டை அப்ளிகேஷனிடமே கொடுத்துவிடுகிறோம். சரி, எந்த டிரைவர் வழியாகக் கொடுக்கிறோம்?

ஐஜிபி-யுஐஓவுக்கு அடிப்படை, 2007இல் கெர்னலுக்குள் வந்த யுஐஓ (UIO). அது கார்டின் ரெஜிஸ்டர்களை அப்ளிகேஷனுக்குத் திறந்துவிடும், இன்டரப்ட் வந்தால் சொல்லும். டிஎம்ஏ (DMA), அதாவது சாதனம் சிபியுவின் உதவியின்றி நினைவகத்தில் நேரடியாக எழுதுவதும் படிப்பதும், அதன் கணக்கிலேயே இல்லை. நெட்வொர்க் கார்டுக்கோ டிஎம்ஏதான் எல்லாமே. டிஸ்கிரிப்டர் எனும் குறிப்பில் அப்ளிகேஷன் எந்த முகவரியைக் கொடுக்கிறதோ அங்கே பாக்கெட்டை எழுதும். சாதனங்கள் தொடக்கூடிய நினைவக முகவரிகளைக் கட்டுப்படுத்தும் ஐஓஎம்எம்யு (IOMMU) காவல் இல்லாதபோது முகவரி தவறினால் கெர்னலின் நினைவகத்திலேயே எழுதிவிடும்.

எங்கள் சர்வர் ஒன்று இரண்டு வாரம் இப்படித்தான் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு க்ராஷ் டம்பும் வேறு வேறு இடத்தைக் காட்டியது. ரேம் மாற்றினோம், மதர்போர்டு மாற்றினோம். கையேடு சொன்ன ஐஜிபி-யுஐஓவை எடுத்துவிட்டு, 2012 முதல் கெர்னலில் இருக்கும் விஎஃப்ஐஓ (VFIO) என்ற மாற்று வழியை ஐஓஎம்எம்யுவோடு போட்ட அன்றே, ஐஓஎம்எம்யு தடுத்ததைச் சொல்லும் ஒரு டிமார் ஃபால்ட் (DMAR fault) வரி லாகில் வந்தது: எந்தக் கார்டு, எந்த முகவரி என்று. அப்ளிகேஷன் விடுவித்துவிட்ட பக்கத்தில் கார்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த இரண்டு வாரத்தை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

டிபிடிகே திட்டமே 20.11 பதிப்பில் ஐஜிபி-யுஐஓவைத் தன் மூலக்களஞ்சியத்திலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டது. கையேடுகளில் மட்டும் அது ஏன் முதல் வழியாக நிற்கிறது?

விஎஃப்ஐஓவை முதலில் வையுங்கள். பயோஸில் விடி-டி (VT-d, இன்டெலின் ஐஓஎம்எம்யு வசதி) அமைப்பை இயக்குவது, இன்டெல் மெஷின் என்றால் கெர்னல் கட்டளை வரியில் ஐஓஎம்எம்யுவை இயக்குவது, இரண்டையும் எழுதுங்கள். ஐஓஎம்எம்யுவால் தனித்தனியாகப் பிரிக்க முடியாத சாதனங்களின் தொகுப்பான ஐஓஎம்எம்யு குழுவைப் பற்றி ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். ஒரே குழுவில் இருக்கும் மற்ற சாதனங்களையும் அவற்றின் டிரைவரிலிருந்து விடுவிக்காவிட்டால் விஎஃப்ஐஓ இணங்காது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மாட்டியதும், ஐஓஎம்எம்யு காவல் இல்லாமலே விஎஃப்ஐஓ இயங்கும் நோ-ஐஓஎம்எம்யு முறையை இயக்கிவிடுகிறார்கள். அதை இயக்கும் அளவுருவின் பெயரிலேயே ‘அன்சேஃப்’ என்ற சொல் இருக்கிறது. கெர்னலும் தன்னை ‘டெயின்டட்’ (கறைபட்டது) என்று குறித்துக்கொள்கிறது. ஐஓஎம்எம்யு கிடைக்காத விர்ச்சுவல் மெஷினுக்கு அது தேவைப்படலாம். அப்படியானால் அந்த ஒரு சூழலுக்கு மட்டும் என்று தெளிவாக எழுதுங்கள்.

அப்புறம், மெல்லனாக்ஸின் எம்எல்எக்ஸ்5 கார்டுகளுக்கு இந்த மாற்றமே கூடாது. அங்கே கெர்னல் டிரைவர் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்; விஎஃப்ஐஓவுக்கு மாற்றினால் டிபிடிகேவால் கார்டைப் பயன்படுத்த முடியாது. டிபிடிகே அளவு வேகம் வேண்டாதவர்களுக்கு 4.18 கெர்னலில் வந்த ஏஎஃப்-எக்ஸ்டிபி (AF_XDP) என்ற வேகமான பாக்கெட் வழி போதும். கார்டு கெர்னலிடமே இருக்கும், இன்டர்ஃபேஸும் வழக்கம்போலக் கண்ணில் தெரியும்.

அடுத்த பதிப்பை வெளியிடும் முன், ஐஓஎம்எம்யு இயங்கும் ஒரு சாதாரண சர்வரில் உங்கள் கையேட்டை முதல் வரியிலிருந்து ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள்.

அன்புடன்,
சர்வர்களைப் பராமரிக்கும் ஒருவர்