பூச்சியத்தால் வகுக்கும் விடைக்குறிப்பு: வினாத்தாள் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வினாத்தாள் குழுவினருக்கும் பாடநூல் குழுவினருக்கும் வணக்கம்.

அண்மைத் தேர்வின் இயற்கணிதப் பகுதியில் இடம்பெற்ற இரண்டு வினாக்களையும் அவற்றுக்கு நீங்கள் வழங்கிய விடைக்குறிப்பையும் நீங்கள் அறிவீர்கள். அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தியவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

(3, −2) என்ற புள்ளி வழியாகச் சென்று, y = 4 என்ற கோட்டிற்குச் செங்குத்தாக அமையும் நேர்க்கோட்டின் சமன்பாடு கேட்கப்பட்டது. ஒரு மாணவி சிறு படம் ஒன்று வரைந்து, ‘y = 4 என்பது x அச்சுக்கு இணையானது; எனவே அதற்குச் செங்குத்தான கோடு y அச்சுக்கு இணையானது; அது (3, −2) வழியே செல்வதால் x = 3’ என்று எழுதியிருந்தார். அதில் குறை சொல்ல ஒரு எழுத்துகூட இல்லை. விடைக்குறிப்போ, சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்று தொடங்கி, y = 4இன் சாய்வு 0 என்பதால் தேவையான சாய்வு −1/0 என்று எழுதி, அதையே y + 2 = m(x − 3) என்பதில் பிரதியிட்டு, குறுக்கே பெருக்கி, x = 3 என்று முடிகிறது. பூச்சியத்தால் வகுத்தவருக்கு முழு மதிப்பெண். வகுக்காமல் விடை கண்டவருக்கு ‘படிகள் இல்லை’ என்று மதிப்பெண் குறைப்பு. அந்தக் குறைப்பைச் செய்த சிவப்பு மை என் பேனாவிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

m₁, m₂ என்பவை இரு செங்குத்துக் கோடுகளின் சாய்வுகள் எனில், m₁m₂ = −1 என்ற விதி, அவ்விரு கோடுகளுக்கும் சாய்வு வரையறுக்கப்பட்டிருக்கும்போது மட்டுமே பொருந்தும். ஆதிப்புள்ளியிலிருந்து (1, m₁), (1, m₂) ஆகிய புள்ளிகளுக்குக் கோடுகள் வரைந்து பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால், (1 + m₁²) + (1 + m₂²) = (m₁ − m₂)² என்று வரும்; சுருக்கினால் விதி கிடைத்துவிடும். அப்புள்ளிகள் அமையும் x = 1 என்ற கோட்டை, ஆதிப்புள்ளி வழியே செல்லும் நிலைக்கோடு எந்த இடத்திலும் வெட்டாது என்பதால், விதி எங்கே நின்றுவிடுகிறது என்பதும் அதே படத்தில் தெரியும். விதிவிலக்கே வேண்டாம் என்றால், ax + by + c = 0 என்ற கோட்டிற்குச் செங்குத்தானவை bx − ay + k = 0 என்ற வடிவில் அமையும் என்று கற்பிக்கலாம்; கிடைக்கோடும் நிலைக்கோடும் அதில் அடங்கும்.

பரவளைய வினாவின் கதையும் இதுவே. முனை (1, 2), வளைவரை (3, 10) வழியாகச் செல்கிறது, சமன்பாடு காண்க என்றீர்கள். அச்சு எந்தத் திசையில் என்று சொல்லவில்லை. y = 2(x − 1)² + 2 சரி என்றால், (y − 2)² = 32(x − 1) என்பதும் சரியே; இரண்டிலும் புள்ளியைப் பிரதியிட்டுப் பாருங்கள். சாய்ந்த அச்சுகளையும் கணக்கில் கொண்டால் விடைகளுக்கு முடிவே இல்லை. குறிப்பில் இருந்தது முதலாவது மட்டுமே. பக்கவாட்டில் திறக்கும் பரவளையத்தைப் பாடநூலில் கற்பித்துவிட்டு, தேர்வில் அதை எழுதியவருக்குப் பூச்சியம் வழங்கும் துணிவு எல்லோருக்கும் வாய்க்காது.

1637இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ரெனே டேக்கார்ட் வடிவத்தையும் சமன்பாட்டையும் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினார். நம் விடைக்குறிப்புகள் அவற்றை மீண்டும் பிரித்துவைக்கும் பணியைச் செவ்வனே செய்து வருகின்றன. படம் வரைந்து சிந்திப்பவர் தோற்பார், பார்க்காமல் பிரதியிடுபவர் வெல்வார் என்றால், வினாத்தாளுக்குப் பதிலாக வாய்பாட்டுத் தாளையே நகலெடுக்கச் சொல்லிவிடலாமே.

சற்றுக் கடுமையாக எழுதியதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கேட்பது பெரிதன்று: விதியைத் தரும் இடத்திலேயே அதன் நிபந்தனையையும் தாருங்கள், வினாவில் பரவளையத்தின் அச்சைக் குறிப்பிடுங்கள், காரணத்தோடு எழுதப்பட்ட சரியான விடைக்கு, வழி எதுவாயினும், முழு மதிப்பெண் தாருங்கள். முடிவுகள் வெளியாகும் முன் இவ்விரு வினாக்களுக்கும் திருத்திய விடைக்குறிப்பை அனுப்பினால், அந்தத் தாள்களை மீண்டும் திருத்த நாங்கள் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்