வரம்பு எண்ணை நம் ஊர் நெஞ்சுகளை வைத்து முடிவு செய்யுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்ட ஆட்சியர்களுக்கும் காசநோய்த் தடுப்பு அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

நெஞ்சு எக்ஸ்ரேயைப் பார்த்து, காசநோய் இருக்கும் வாய்ப்புக்கு மதிப்பெண் போடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளை நாங்கள் எதிர்க்கவில்லை. பர்கூர் மலையிலும் கொல்லிமலையிலும் படம் பார்க்க ஆள் கிடைக்காத முகாமில் அது பெரிய துணை. 15 வயது நிறைந்தவர்களுக்குப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனமும் 2021இல் பரிந்துரைத்துவிட்டது. எங்கள் கவலையெல்லாம், எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சளிப் பரிசோதனை என்ற வரம்பைப் பற்றித்தான்.

விற்பவர் கொடுக்கும் வரம்பு வேறு ஊர்ப் படங்களில் தேறியது. இங்கே கல் கிரஷரிலும் கோவை பவுண்டரிகளிலும் சிலிக்கா தூசி குடித்த நுரையீரல்கள் உண்டு. அந்தப் புள்ளிகளையும், பழைய காசநோய் ஆறிய தழும்பையும் மென்பொருள் நோயென்று காட்டக்கூடும். அதற்காக வரம்பை ஏற்றிவிடவும் முடியாது. சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) உள்ளவருக்குத்தான் காசநோய் எளிதில் தொற்றும். ஏற்றினால் சளியில் காசநோய்க் கிருமியைத் தேடும் ட்ரூநாட் சோதனையின் சிப் மிஞ்சும், நோயாளி தப்பிவிடுவார். யாரைத் தவறவிடுவது என்பதை அந்த ஓர் எண் முடிவு செய்கிறது. அதை விற்பவர் கையில் விடாதீர்கள்.

முதல் முகாம்களில் இப்படிச் செய்யுங்கள். வரம்புக்கு மேலே உள்ள எல்லோருக்கும், கீழே உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கும் சளி எடுங்கள். அந்த ஒருவரைக் குலுக்கலில் எடுக்க வேண்டும். ஊழியர் கைகாட்டினால் கணக்கு கெட்டுவிடும். மேலே 40 பேருக்கும், கீழே குலுக்கலில் வந்தவர்களில் 2 பேருக்கும் நோய் உறுதியானால், கீழே மொத்தம் ஏறத்தாழ 20 நோயாளிகள் இருப்பார்கள். அப்படியென்றால் மூவரில் ஒருவரை விட்டுவிடுகிறோம். இதே கணக்கை மலைவாழ் மக்கள், ஆலைத் தொழிலாளர், வெளிமாநிலத்தவர், முதியவர் எனத் தனித்தனியே போடுங்கள். மொத்தத்தில் நன்றாகத் தெரியும் எண், ஒரு பிரிவில் மோசமாக இருக்கலாம். ஒரே முகாமின் சிறு எண்ணிக்கையை நம்பாமல் பல முகாம்களைச் சேர்த்துப் பாருங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் ரத்தம் என்று எது இருந்தாலும் மதிப்பெண் பாராமல் சளி எடுக்க வேண்டும். தாலி, சங்கிலி, பின்னல் படத்தில் விழுந்தாலும், மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்தாலும் மறுபடம் எடுங்கள்.

முகாம் எங்கே என்பதையும் பழைய பதிவுகளை வைத்து மென்பொருளே சொல்லட்டும் என்று விடாதீர்கள். சோதனையே நடக்காத ஊர் அதன் கண்ணுக்கு நோயற்ற ஊராகத் தெரியும். அமெரிக்காவில் நோயின் கடுமையை மருத்துவச் செலவை வைத்து அளந்த ஒரு கருவி, குறைவாகவே செலவிடப்பட்ட கறுப்பின நோயாளிகளைப் பின்னே தள்ளியதை 2019இல் ஓர் ஆய்வு கண்டறிந்தது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பரிசோதனை முடிவு தொழிலாளியின் கையில் மட்டுமே போகட்டும், மேலாளரிடம் வேண்டாம். ஒப்புதலை இந்தியிலும் ஒடியாவிலும் விளக்குங்கள். மறுத்தால் வேலைக்கு ஆபத்தில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: மென்பொருளின் பதிப்பு மாறினால் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புதுப் பதிப்புக்குப் பழைய வரம்பு செல்லாது, குலுக்கல் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

இப்படிக்கு,
கொங்கு மாவட்டப் பொது சுகாதாரப் பணியாளர்கள் சிலர்