ஆர்கனில் கை வைக்கும் முன்: எங்கள் சபைக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

அன்பான கமிட்டி அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விஷயம் தெரிய வந்தது. மேடைக்குப் பின்னால் நிற்கிற பைப் ஆர்கனைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் டிரம்ஸும் பெரிய திரையும் வைக்கப் போகிறீர்களாம், கழற்றுகிறவரிடம் கூலிகூடப் பேசியாயிற்றாம். சபைக் கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை, கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவிலேயே முடிவாகிவிட்டது என்றார்கள். அதனால்தான் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

டிரம்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மகனே அடிக்கிறவன்.

ஆனால் அந்த ஆர்கனின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தவர் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? நான் டோர்ச் பிடித்துக்கொண்டு போனேன். வெளியில் தெரிகிற வர்ணம் பூசிய குழாய்கள் ஒரு வரிசைதான், உள்ளே நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. என்னை விட உயரமான மரப்பெட்டி போன்ற குழாய்களும் உண்டு, பென்சில் அளவு ஈயக்குழாய்களும் உண்டு. ஒரு சுரத்துக்கு ஒரு குழாய். கீழே ஆட்டுத்தோல் ஒட்டிய பெரிய துருத்தி. கட்டையை அழுத்தினால் குழாய்க்கு அடியில் ஒரு சின்ன மரக்கதவு திறக்கிறது, காற்று ஏறுகிறது, அவ்வளவுதான் அதன் சூத்திரம், நம் ஊர் ஆர்மோனியத்தின் மூத்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வருவதற்கு முன் துருத்தியை ஊதிய மரக் கைப்பிடி இன்னும் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் மேலே நூலில் ஒரு ஈயக்குண்டு தொங்குகிறது, காற்று எவ்வளவு மிச்சம் என்று ஊதுகிற பெடியனுக்குக் காட்ட. அந்தப் பெடியன்கள் பிரசங்க நேரத்தில் சும்மா இருக்கவில்லை போலும், பலகை முழுக்கத் தங்கள் பெயர் எழுத்துகளைக் கத்தியால் கீறி வைத்திருக்கிறார்கள். ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன், ஓரமெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது.

இனி நம் சபையில் பலருக்குத் தெரியாத ஒரு கதை. இங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் இருக்கிற இங்கிலாந்து நகரமான லீட்ஸில் நடந்தது.

தொடக்கத்தில் மெதடிஸ்தர் என்கிற புரொட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினருக்கு ஆர்கன் பிடிக்காது. தொண்டையால் பாடுவதுதான் அவர்களுடைய பெருமை. 1820இல் அவர்களுடைய தலைமை அமைப்பான மாநாடு ஒரு விதி போட்டது: பெரிய ஆலயங்கள் சிலவற்றில் மட்டும் ஆர்கன் வைக்கலாம், அதற்கும் முதலில் மாவட்டக் கூட்டம் சம்மதிக்க வேண்டும், பிறகு மாநாடு அனுமதிக்க வேண்டும். 1825இல் லீட்ஸில் பிரன்ஸ்விக் ஆலயம் திறந்தார்கள், பெரிய கட்டடம், வசதியான ஆட்கள் வருகிற இடம். தர்மகர்த்தாக்கள் ஆர்கன் வேண்டும் என்றார்கள். சபையின் சிறு குழுக்களை நடத்துகிற வகுப்புத் தலைவர்களின் கூட்டம் வேண்டாம் என்றது. மாவட்டக் கூட்டமும் வேண்டாம் என்றது. அப்படியிருந்தும் 1827இல் மாநாடு எல்லாவற்றையும் தாண்டி அனுமதி கொடுத்துவிட்டது. அப்புறம் கேட்க வேண்டுமா? உள்ளூர்ப் பிரசங்கிகளும் தலைவர்களும் கொதித்துப் போனார்கள், சிலரை நீக்கினார்கள், ஜாபெஸ் பன்டிங் போன்ற மெதடிஸ்தத் தலைமையின் பெரிய தலைகள் உள்ளே வந்தன, கடைசியில் ஏறக்குறைய ஆயிரம் பேர் வெளியேறி 1828இல் புரொட்டஸ்டன்ட் மெதடிஸ்தர் என்று தனிச்சபை ஆனார்கள். அந்த ஆர்கனுக்கு விலை ஆயிரம் பவுணும் ஆயிரம் உறுப்பினரும் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள்.

வெளியேறினவர்களை இசை தெரியாத சனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கேட்டது, எங்கள் ஆலயத்தில் என்ன வைப்பது என்பதை எங்களைக் கேட்காமல் யார் முடிவு செய்வது என்பதைத்தான். பிரிந்துபோனவர்களின் வழிவந்த ஆலயங்களிலும் பின்னாளில் ஆர்கன் வந்தது, 1932இல் பிரிவுகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்தன. பிரன்ஸ்விக் ஆலயக் கட்டடம் இன்று இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. 1813 அக்டோபரில் அதே லீட்ஸில் ஒரு பழைய மெதடிஸ்த ஆலயத்தில் கூடித்தான் வெளிநாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்புகிற மிஷன் சங்கத்துக்கு அடித்தளம் போட்டார்கள். அந்த முயற்சியில் கப்பல் ஏறினவர்கள் 1814இல் இலங்கையில் இறங்கினார்கள், அவர்களை அழைத்துவந்த தோமஸ் கோக் நடுக்கடலிலேயே இறந்துபோனார். அதே ஆண்டில் அந்த மிஷனரிகளில் இருவர், லிஞ்சும் ஸ்குவான்ஸும், யாழ்ப்பாணம் வந்தார்கள். என் அப்பாவின் பாட்டனார் ஞானஸ்நானம் எடுத்தது அந்த வழியில் வந்த ஒரு சபையில். இந்த ஊர்ச்சனம் சில்லறை சேர்த்து அனுப்பியிராவிட்டால் நம்மில் பலர் இந்தப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருக்க மாட்டோம். அவர்கள் கட்டின ஆலயம் இப்போது நம் கையில் இருக்கிறது.

சரி, நான் கேட்பது இதுதான். முதலில் கழற்றுகிறவரை நிறுத்துங்கள். தேசிய பைப் ஆர்கன் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, நம் ஆர்கன் அதில் இருக்கிறதா, யார் செய்தது என்று தேடிப் பாருங்கள், நானே உட்கார்ந்து தேடித் தருகிறேன். நம் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இருந்தால் அனுமதி எடுக்காமல் ஆர்கனில் கை வைப்பதே குற்றமாகலாம், அதையும் நகரசபையில் விசாரியுங்கள். ஆர்கன் திருத்துகிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். தோல் வெடித்திருப்பதும் மரம் காய்ந்திருப்பதும் கண்ணுக்கே தெரிகிறது, குளிர்காலத்தில் நாம் ஹீட்டரை முழுச்சூட்டில் போட்டுவிடுவதும் அதற்கு ஒரு காரணம். செலவு நம் சக்திக்கு மீறினால் பத்திரமாகக் கழற்றி வேறொரு சபைக்குக் கொடுக்கலாம், நான் தடுக்க மாட்டேன். குப்பைத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். எந்த முடிவானாலும் சபைக் கூட்டத்தில் எல்லாரும் இருக்க எடுங்கள், வயசான அம்மாமார் உட்பட.

வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்போடு நிற்பேன். வந்து பாருங்கள். காற்று மோட்டர் இன்னும் ஓடுகிறது. நடுவில் ஒரு கட்டை மட்டும் கையை எடுத்த பிறகும் கத்திக்கொண்டே இருக்கும், பயப்படாதீர்கள்.

உங்கள் தம்பி,
பின்வரிசையில் இருந்து பாடுகிறவன்