தக்காளி நோட்டு

பாலக்கோடு,
ஞாயிறு காலை

கண்ணு,

போன வாரம் போனில், "எனக்கு என்ன வேணும்னே எனக்குத் தெரியலப்பா" என்றாய். நான் உடனே புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டேன். நீயும் "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வாயால் சொன்னால் மறுபடி பாடம் நடத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

பி.எட். படிக்கும்போது எங்களுக்கு ஜோஹாரி ஜன்னல் என்று ஒரு பாடம் உண்டு. ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் போட்ட நாலு கட்டம். அதில் ஒரு கட்டம், நம்மைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரிந்து நமக்கே தெரியாத விஷயங்களுக்கு. பரீட்சையில் ஸ்கேல் வைத்து அழகாகப் படம் போட்டேன். எனக்கும் அப்படி ஒரு கட்டம் இருக்கும் என்று முப்பது வருஷ வாத்தியார் வேலையில் ஒரு நாள்கூட நினைக்கவில்லை.

ரிட்டயர் ஆன பிறகுதான் உன் அம்மா ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னாள்: "மண்டியில தக்காளி விலை இறங்குற அன்னைக்கெல்லாம் வீட்டுல உங்க குரல் ஏறும்." எனக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பரணில் இருந்து பழைய கணக்கு நோட்டுகளை இறக்கினேன். நாம் நிலத்தில் தக்காளி போட்ட வருஷங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

நீ பத்தாவது படித்தபோது அரையாண்டு ரேங்க் கார்டைத் திண்ணையில் விசிறி எறிந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தேதியைத் தேடிப் பிடித்தேன். "பெட்டி 40 ரூ. வண்டி வாடகை பாக்கி. பறி கூலி கையில் இருந்து." பென்சிலால் எழுதி, அழுத்தி அடிக்கோடு போட்டிருக்கிறேன், தாள் கிழிந்திருக்கிறது. உன் படிப்புமேல் இருந்த அக்கறையில்தான் அன்றைக்குக் கோபப்பட்டேன் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். மண்டியில் கூனிக்குறுகி நின்றுவிட்டு வந்தவன், வீட்டில் கையில் கிடைத்ததை எறிந்திருக்கிறேன். கணக்கில் நீ 61 வாங்கியிருந்தாய். அது எறிகிற மார்க்கே இல்லை.

"நான் ஏன் இப்படி?" என்று கேட்டபோதெல்லாம் எனக்கு நல்ல நல்ல காரணங்களாகவே கிடைத்தன. என் அப்பா அடித்து வளர்த்தார், வேலைச்சுமை, பிள்ளை உருப்பட வேண்டும். அத்தனையும் சாக்கு. "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று நோட்டைப் புரட்டியபோதுதான் உண்மை வந்தது. நீயும் ராத்திரி படுத்துக்கொண்டு ஏன் ஏன் என்று குடைந்துகொள்ளாதே. அது ஒரே புல்லை அசைபோடுவது, தூக்கம்தான் கெடும்.

எழுது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நாலு நாள், நாளுக்கு 15 நிமிஷம், மனதைப் பாதித்த விஷயத்தை எழுத வைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் கனத்துத்தான் போனது. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்தது. அதனால் முதல் நாள் அழுகை வந்தால் பயந்து நோட்டை மூடிவிடாதே. எந்த நாளில் ஆபீஸ் கசந்தது, அன்றைக்கு யார் என்ன சொன்னார்கள், சாப்பிட்டாயா, எந்த வேலை செய்தபோது மணி போனதே தெரியவில்லை, இதை எழுது. வேலையை விடுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம். விட்டாலும் இந்த வீடு இருக்கிறது.

எனக்கு ஒரு உதவி செய். ரேங்க் கார்டு திண்ணையில் விழுந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. நான் உன்னைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது. அது உனக்கு மட்டும்தான் தெரியும். என் மனம் நோகும் என்று பார்க்காமல் எழுதி அனுப்பு.

அம்மா ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறாள், செவ்வாய்க்கிழமை பார்சலில் போடுகிறேன்.

அப்பா