மாமாவுக்கு, இரண்டு மாதிரிப் பட்டிகளுடன்

மாமா,

நாளையோடு நீங்கள் குன்னூருக்கு, உங்கள் மூத்த மகன் வீட்டுக்குப் போய் ஓராண்டு நிறைகிறது. மார்கழி பிறந்துவிட்டால் யாரையும் வீடு மாற்றி அனுப்பக் கூடாது என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்துத்தான், கார்த்திகை முடிவதற்குள் அவசரமாக நாள் பார்த்தோம். இந்த ஓராண்டில் வாரம் தவறாமல் உங்களோடு பேசியிருக்கிறேன். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, அங்கே குளிர் எப்படி என்பதைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. அக்கா ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியை உங்கள் மடியில் வைத்துவிடுகிறார், சுற்றிலும் ஆள் இருக்கிறது, எனக்குத் தொண்டை அடைத்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். பேரன் உங்களுக்குப் படித்துக் காட்டுவான். இது வெளியாகும்போது நம் உறவினர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களை எழுதாமல் தாண்டிப் போவேன். அவை எந்த இடங்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் தைத்துக் கொடுத்த, முன்பக்கம் திறக்கும் அந்த ஸ்வெட்டரை, அந்தக் கார்டிகனைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

தை மாதம் அவிநாசியில் நடந்த கல்யாணத்தில், "மருமகள் ஸ்வெட்டர் தைத்துப் போட்டு அனுப்பி வைத்துவிட்டாள்" என்று நீங்கள் சொன்னதாக என் காதுக்கு வந்தது. யார் வந்து சொன்னார்கள் என்பது வேண்டாம். அதை நீங்கள் பெருமையாகச் சொன்னீர்களா, மனம் நொந்து சொன்னீர்களா என்று அன்று முதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் சொன்னவர்கள் நொந்ததாகவே சொன்னார்கள். ஏழு மாதம் உங்களைத் தூக்கி உட்கார வைத்ததும், இரண்டாம் மாடியிலிருந்து வாரம் இரண்டு முறை பயிற்சிக்குப் படி இறக்கிக் கூட்டிப் போனதும், அதற்காக நான் விட்ட ஷிப்டுகளும் அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் நீங்கள்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் மாமா.

நீங்கள் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். உங்களை அனுப்பும் முடிவை எடுத்தவள் நான் என்று ஊர் சொல்வதை மறுக்கவும் மாட்டேன்.

குளிருக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, ஊட்டியில் திபெத்தியர் கடையில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் கிடைக்கும், அண்ணன் வாங்கிக் கொடுத்துவிடுவார் என்றார் உங்கள் மகன். இடது கை மடங்கிப்போன உங்களால் தலை வழியாக மாட்டும் எதையும் போட முடியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. தினமும் உங்களுக்குச் சட்டை போட்டுவிட்டவளுக்கே அது தோன்றும். இடது கையை முதலில் நுழைத்து, தோள்வரை ஏற்றிவிட்டு, முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் பிறகு வலது கையை நுழைக்க வேண்டும், கழற்றும்போது வலது கையை முதலில் எடுக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததை நான் கனவில்கூடச் செய்வேன். ஆகவே முன்பக்கம் முழுதும் திறக்கும் உடையாக இருக்க வேண்டும். கம்பளி உங்களுக்கு அரிக்கும் என்பதால் பருத்தி நிட்டாகவும் இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் ஆர்டர் தாளில் கார்டிகன் என்று வந்தாலே, பொத்தான் வரும் முன்பட்டி அலை அடிக்காமல் வருமா என்று ஒரு வாரம் தூங்க மாட்டீர்கள். அந்தப் பெயர் 1854-இல் கிரிமியப் போரில் குதிரைப்படையை நடத்திய ஓர் ஆங்கிலப் பிரபுவின் பட்டத்திலிருந்து வந்தது என்று பேரன் படித்துச் சொன்னான்.

திருப்பூர் காதர்பேட்டையில் நான்கு கடை ஏறி இறங்கி, சதுர மீட்டருக்கு 280 கிராம் எடையுள்ள, உட்புறம் நூல் வளையங்கள் கொண்ட லூப்நிட் துணி ஒரு கிலோவும், அதே சாம்பல் நிறத்தில் லைக்ரா கலந்த ரிப் கால் கிலோவும் வாங்கினேன். இரண்டு முறை நனைத்துச் சுருங்கவிட்டேன். சுருட்டிலிருந்து எடுத்த துணியை ஓர் இரவு விரித்துப் போட்டு அதன் இழுவை தளர்ந்த பிறகே கத்தரி வைக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்ததால் விரித்தும் போட்டேன். ஒன்றும் தெரியாத எனக்கு நீங்கள் அதைச் சொல்லிக்கொடுத்தது 2011-இல். அந்த ஜனவரி மாதம் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்ற உத்தரவு வந்து 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டு, வண்ணத் துணி வராமல் உங்கள் கட்டிங் மேசை வாரக்கணக்கில் காலியாகக் கிடந்தபோது, கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகாத எனக்கு வீட்டில் உட்கார்ந்து வெட்டுத்துண்டுகளில் ஓவர்லாக் பழக்கினீர்கள். நான் தைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள், ஒன்றும் சொல்லாமல் தையலைப் பிரித்துக் கையில் கொடுப்பீர்கள். நன்றாக வந்ததைப் பிரிக்காமல் கொடுப்பீர்கள், அவ்வளவுதான். பதினைந்து ஆண்டுகளாக எனக்குச் சோறு போடும் தொழில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் கற்றது. இதை நான் உங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

தோளில் ஷோல்டர் டேப் வைத்துத் தைத்தேன், உடையின் எடைக்குத் தோள் இறங்கிவிடக் கூடாது என்று. முன்பட்டியை நேராக வரும் இடங்களில் இழுக்காமல், பின்கழுத்து வளைவில் மட்டும் கொஞ்சம் இழுத்துக் கொடுத்தேன். முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசிதான் போட்டேன்; ஓர் ஊசி ஓட்டைகூட விழவில்லை. இடது கையை மட்டும் மேற்கைப் பக்கம் ஒன்றரை அங்குலம் அகலமாக வெட்டி, அந்த மணிக்கட்டு ரிப்பையும் தளர்வாக வைத்தேன், மடங்கியிருக்கும் விரல்கள் சிக்காமல் போகட்டும் என்று. பொத்தான்களுக்குத்தான் மூன்று நாள் யோசித்தேன். ஒரு கையால் பொத்தானைக் காஜாவுக்குள் தள்ளுவது எவ்வளவு கடினம் என்று என் இடது கையை முந்தானையில் கட்டிக்கொண்டு முயன்று பார்த்தேன். இரண்டு பொத்தானுக்குப் பத்து நிமிடம் ஆனது. அதனால் காஜாவே இல்லாமல், மேலே ஆறு பொத்தானை அழகுக்குத் தைத்துவிட்டு, உள்ளே வெல்க்ரோ வைத்தேன். நீங்கள் யாரையும் கூப்பிடாமல் நீங்களே உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொள்ளலாம். அதை முடித்தபோது எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஒன்பது மணி இருக்கும். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்தீர்கள். போட்டுவிட்டேன். வலது கட்டைவிரலை இடது தோளுக்குள் விட்டு டேப்பைத் தடவிப் பார்த்தீர்கள். பிறகு உடையின் இரண்டு கை நுனிகளையும் மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஒன்று அகலமாக இருப்பதைக் கண்டுபிடித்தீர்கள்; முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முதல் பொத்தானுக்குக் கை போனது. பழக்கத்தில் விரல் காஜாவைத் தேடியது. இல்லை என்றதும் பட்டியை விலக்கினீர்கள். பர்ர் என்று அந்தச் சத்தம். மறுபடி ஒட்டினீர்கள், மறுபடி பிரித்தீர்கள். மேற்பட்டியின் உள்ளே கொக்கிப் பக்கத்தை விரலால் நெருடிக்கொண்டே வெகுநேரம் இருந்துவிட்டு, "கண்ணு, இது துணியை இழுக்கும்" என்றீர்கள்.

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்த நான்கு சொற்களுக்குள் நான் ஓராண்டாகக் குடியிருக்கிறேன்.

அன்று எனக்குக் கேட்டது வேறு. ஒரு காஜா தப்பினால் துணிக்கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பியவருக்குப் பொய்ப் பொத்தானைத் தைத்துக் கொடுத்திருக்கிறாய், இந்த அளவுக்கா நான் போய்விட்டேன் என்று கேட்டது போல இருந்தது. தோள் டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குள் எழுந்தது கோபம்தான், மாமா. அதை வேறு பெயரில் எழுத மாட்டேன். கழற்றி எடுத்துக்கொண்டு வந்து, நீங்கள் தூங்கிய பிறகு வெல்க்ரோ முழுவதையும் பிரித்தேன். பட்டிக்கு உள்ளே பியூசிங் என்ற ஒட்டுத்துணி வைத்து, ஆண்களுக்கு உரியபடி இடது முன்பக்கத்தில் ஆறு காஜாவைக் கத்தரித்து, ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் ஒரு நூலை ஓடவிட்டு அதன் மேல் நெருக்கமாகக் கையால் தைத்தேன். முடித்தபோது மணி நாலரை. உங்கள் கண்ணுக்கே குறை தெரியாத காஜா ஆறு. உங்களால் பூட்ட முடியாது என்று தெரிந்தே தைத்தேன். முடியாது என்பதை நீங்களே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். இதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், அனுப்பியதற்கு இல்லை. அனுப்பியதைப் பற்றி என் மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வந்தாலும் அதை எல்லாரும் படிக்கும் இடத்தில் எழுத மாட்டேன்.

காலையில் கார் வந்து நின்றபோது தெருவே வாசலில் இருந்தது. வெயில் ஏறிவிட்டது, கல்லாறு தாண்டி மலை ஏறும்வரை கார்டிகன் தேவையே இல்லை. ஆனாலும் கார் இருக்கையில் உங்களை உட்கார வைத்துவிட்டு அத்தனை பேருக்கும் முன்னால் ஆறு பொத்தானையும் ஒவ்வொன்றாகப் பூட்டினேன். மருமகள் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பார் என்று எதிர்வீட்டு அம்மா சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை; கண்ணாடிக்கு வெளியே மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. கடைசிப் பொத்தானுக்கு நான் குனிந்தபோது உங்கள் வலது கை என் தலையில் ஒரு கணம் இருந்து எடுபட்டது. அது ஆசியா, கார் கதவின் விளிம்பு என் தலையில் இடிக்காமல் இருக்க வைத்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பங்குனியில் அக்கா பேச்சுவாக்கில் சொன்னார், மாமா அதைத் தினமும் போட்டுக்கொள்கிறார், ஆனால் பொத்தான் போடவிடுவதே இல்லை, காலைப் பனியிலும் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறார் என்று. அன்று இரவு, பிரித்துப்போட்ட அந்த வெல்க்ரோத் துண்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, மிச்சமிருந்த லூப்நிட்டில் ஒட்டிப் பார்த்தேன். நான்கு முறை ஒட்டிப் பிரித்ததிலேயே நூல் வளையங்கள் கிளம்பி நின்றன. கொக்கிப் பக்கத்தை மேற்பட்டியில் உள்நோக்கி வைத்திருந்தேன். திறந்திருக்கும் நேரமெல்லாம் அது உங்கள் சட்டையையும் கார்டிகனின் நெஞ்சுப் பக்கத்தையும் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். நீங்கள் சொன்னது துணியைப் பற்றித்தானோ என்று முதல்முறையாக நினைத்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் சொன்னது போலவே சொல்லியிருக்கிறீர்கள், நான்தான் வேறாகக் கேட்டுவிட்டேனோ என்று. இன்னும் இரண்டு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்ன, மாமா? கொக்கியைத் திருப்பி வை என்று சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. உங்களுடைய அந்தச் சுருக்கமான பேச்சால் அத்தையும் எத்தனை இரவு தூங்காமல் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

இந்த வாரம் அதே சாம்பல் நிறத்தில் துணி வாங்கிவிட்டேன். இந்தக் கடிதம் வெளியாகும் நாளில் உங்களுக்கு ஒரு பார்சலும் வந்து சேரும். அதில் முழு உடை இல்லை. ஓர் அடி நீளத்தில் இரண்டு மாதிரிப் பட்டிகள் இருக்கின்றன. முதலாவதில் 40 லைன், அதாவது ஓர் அங்குல அகலப் பெரிய பொத்தான்கள் மூன்று. துணியிலிருந்து சற்றுத் தூக்கி நிற்கும்படி எலாஸ்டிக் நூலில் கால் விட்டுத் தைத்திருக்கிறேன், காஜாவின் ஓரத்தில் கயிறு ஓடுகிறது, அதனால் வாய் தளராது. இடது கையைக் கட்டிக்கொண்டு என்னால் மூன்றையும் இரண்டே நிமிடத்தில் பூட்ட முடிந்தது. இரண்டாவது வெல்க்ரோ. ஆனால் மென்மையான பக்கம் மேற்பட்டியின் உள்ளே, கொக்கிப் பக்கம் கீழ்ப்பட்டியில் வெளிநோக்கி, நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக வெட்டி வைத்தது; துவைக்கும்போது மட்டும் மூடிவிட வேண்டும். இரண்டையும் முழங்காலில் வைத்து, யாரும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பூட்டிப் பாருங்கள்.

எது வேண்டும் என்று தொலைபேசியில் சொல்ல வேண்டாம். வேண்டாததைப் பிரித்துவிட்டு, வேண்டியதைப் பிரிக்காமல் பேரனிடம் கொடுத்தனுப்புங்கள். இடது மேற்கையின் சுற்றளவையும் அக்காவை டேப் வைத்து எடுக்கச் சொல்லுங்கள், சட்டைக்கு மேலே வேண்டாம், அங்குலத்தில். மாதிரிக்கு ஒப்புதல் வராமல் கத்தரி வைக்கக் கூடாது என்பதால் காத்திருக்கிறேன். துணியை நேற்று இரவு உங்கள் கட்டிலில்தான் விரித்துப் போட்டிருக்கிறேன்.

உங்கள் மருமகள்