துணி டயப்பர் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள சுதா,

உன் கடிதம் வந்தது, வளைகாப்புப் படங்களும் வந்தன. அம்மா அவற்றை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினாள். கால் வீக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். சாயங்காலத்தில் லேசாக வீங்குவது சகஜம்தான், ஆனால் கூடவே தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்காதே, அன்றே போய் பிரஷர் பார்த்துவிடு. இங்கே எல்லோரும் நலம். இவருக்குத் திருப்பூருக்கு மாற்றல் ஆகிவிட்டது, கோவையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். பெரியவள் யூகேஜி. சின்னவன் வீடு முழுக்க ஓடுகிறான்.

சரி, குழந்தைக்குத் துணி டயப்பரா, ஒரு தடவை கட்டித் தூக்கிப் போடுகிற யூஸ் அண்ட் த்ரோ டயப்பரா என்று நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். துணிதான் என்பது என் கருத்து. இரண்டு பிள்ளைகளையும் பெரும்பாலும் துணியில்தான் வளர்த்தேன். ஆனால் துணியின் நன்மை எல்லாமே அதைத் துவைக்கும் விதத்தில் இருக்கிறது. குழந்தையின் தோல், உன் பணம், குப்பை, எதை எடுத்தாலும் கடைசியில் கொடியிலும் வாளியிலும்தான் வந்து நிற்கும். அதனால் டயப்பர் வாங்குவதற்கு முன்னால் துவைப்பதைப் பற்றி யோசி.

முதல் சில வாரங்களுக்கு எதுவும் வாங்காதே. அம்மாவின் பழைய காட்டன் புடவை, அப்பாவின் நைந்த வேட்டி, இரண்டையும் கிழித்து நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும், அதைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. முதல் இரண்டு மூன்று நாள் தார் மாதிரிக் கருப்பாக மலம் போகும், கறை போகாது, அந்தத் துணிகளை மனவருத்தமில்லாமல் தூக்கிப் போடலாம். இதில் இன்னொரு பெரிய நன்மை இருக்கிறது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் யாராவது வந்து "பால் பத்தலை போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், நீ பயந்துபோவாய். ஐந்தாம் நாளுக்கு மேல் குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் ஒன்றுக்குப் போனால் பால் போகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். துணியில் ஒவ்வொரு தடவையும் கைக்குத் தெரிந்துவிடும். உறிஞ்சிக்கொள்கிற டயப்பரில் எத்தனை தடவை என்று எப்படித் தெரியும்?

தோல் விஷயத்தில் உனக்கு நேராகச் சொல்கிறேன். துணி கட்டினால் ரேஷே வராது என்று சொல்பவர்களை நம்பாதே. ஈரமும் மலமும் உரசலும் சேர்ந்தால் எதில் வேண்டுமானாலும் வரும். சொல்லப்போனால் ஈரத்தை இழுத்துக்கொள்வதில் யூஸ் அண்ட் த்ரோதான் கெட்டி, அதற்குள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொருளைப் பொடியாக வைத்திருப்பார்கள், அது தண்ணீரைக் குடித்து ஜெல்லாகிவிடும். வெளியே காய்ந்த மாதிரி இருப்பதால் நாமும் மணிக்கணக்கில் கழற்றாமல் விட்டுவிடுவோம், அதுதான் ஆபத்து. துணி நனைந்தால் பிள்ளை சிணுங்கும், நாம் எழுந்து மாற்றியே ஆகவேண்டும். அடிக்கடி மாற்றுவதும் காற்றுப் படுவதும்தான் தோலைக் காப்பாற்றுகின்றன. நம் ஊர் சித்திரை வெயிலில் வீட்டில் இருக்கும்போது துணிக்கு மேல் போடும் ஈரம் கசியாத மேலுறையே வேண்டாம், வெறும் லங்கோடு கட்டிவிடு, ஈரமானால் தரையைத் துடைத்துக்கொள்ளலாம்.

பணக் கணக்கு சுலபம். யூஸ் அண்ட் த்ரோ ஒன்று பத்து ரூபாய் என்றே வைத்துக்கொள், ஒரு நாளைக்கு ஆறு என்றால் மாதம் 1,800 ரூபாய். பாக்கெட் மாதிரி உள்ளே ஈரம் உறிஞ்சும் பட்டை செருகுகிற துணி டயப்பர் ஒன்று 500 ரூபாய் என்றால் பதினைந்துக்கு 7,500. ஐந்து மாதத்துக்குள் போட்ட காசு வந்துவிடும். பட்டன் மாற்றிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பதால் பிறகும் அதேதான், அடுத்த குழந்தைக்கும் அதேதான். சின்னவனுக்கு நான் புதிதாக மேலுறை மட்டும்தான் வாங்கினேன்.

குப்பையைப் பற்றி எனக்கு ரொம்ப ஆதங்கம் உண்டு. எங்கள் கோவையின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பக்கம் போய் வந்தவர்களைக் கேட்டால் தெரியும். திடக்கழிவு விதிப்படி டயப்பரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கவேண்டும், எத்தனை வீட்டில் செய்கிறார்கள்? மலத்தோடு மற்ற குப்பையில் கிடப்பதைத் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்கிறார், அதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறுவதில்லை. ஆனால் துணி என்றாலே பூமிக்கு நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் துறை 2008-ல் ஒரு கணக்குப் போட்டது. இரண்டரை வருடத்துக்கு யூஸ் அண்ட் த்ரோவால் வருகிற கரியமில வாயு சுமார் 550 கிலோ, துணியால் 570 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றுதான்! கொதிநீரில் துவைத்து டிரையரில் உலர்த்தினால் துணி இன்னும் மோசம். கொடியில் காயப்போட்டு, மெஷினை நிரப்பி ஓட்டி, இரண்டாவது குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் 40 சதவீதம் குறைகிறது. 2023-ல் மறுபடி கணக்கிட்டபோது துணியால் வருகிற கரியமில வாயு யூஸ் அண்ட் த்ரோவைவிட ஏறக்குறைய 25 சதவீதம் குறைவு என்று வந்தது. அவர்கள் வெயிலுக்கு ஏங்குகிற ஊர்க்காரர்கள், நமக்கு மொட்டைமாடி இருக்கிறது.

துவைப்பது இப்படி. மலத்தை டாய்லெட்டில் தட்டிவிட்டு, குழாயை அழுத்தமாகத் திறந்து உடனே அலசிவிடு, பிறகு மூடாத கூடையில் போடு. வாளியில் நாள்கணக்கில் ஊறவைக்காதே, நாற்றமும் வரும், மேலுறையின் பூச்சும் உரியும். இரண்டு நாளைக்குள் மெஷினில் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு ஓட்டம், அப்புறம் அளவாகச் சோப்புத்தூள் போட்டு ஒரு ஓட்டம், சோப்பு போகும்வரை அலசல். கம்ஃபர்ட் மாதிரியான வாசனைத் திரவம் வேண்டவே வேண்டாம், அது நூலில் படிந்து துணி தண்ணீரை உறிஞ்சாமல் செய்துவிடும். ரேஷுக்குப் போடும் களிம்பும் அப்படித்தான், களிம்பு தடவினால் நடுவில் ஒரு மெல்லிய துணி வை. புதுப் பருத்திப் பட்டைகளை நாலைந்து முறை துவைத்தால்தான் நன்றாக உறிஞ்சும், அதனால் இப்போதே தொடங்கு. மஞ்சள் கறையை ஈரத்தோடு வெயிலில் போடு, வெயிலே எடுத்துவிடும். உங்கள் சென்னை போர்த் தண்ணீரில் உப்பு அதிகம், துணி விறைத்துப்போகும், கடைசி அலசலுக்காவது மெட்ரோ தண்ணீர் கிடைக்குமா பார்.

ஐப்பசி மழையில் பட்டைகள் காயாது. லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் வாரமும் வரும். ராத்திரித் தூக்கமும் முக்கியம். அந்த மாதிரி நேரத்தில் யூஸ் அண்ட் த்ரோ கட்டு, குற்ற உணர்ச்சியே வேண்டாம். பகலில் மட்டும் துணி என்றாலும் குப்பை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதைத்தான் உன்னிடம் அழுத்திச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். தையல் ஆறாத உடம்போடு நீ குனிந்து துணி அலசக் கூடாது, உன் அம்மாவின் முழங்காலுக்கும் அது ஆகாது. "அந்தக் காலத்தில் நாங்கள் செய்யவில்லையா" என்பார்கள். செய்தார்கள், இடுப்பு வலியோடு செய்தார்கள். கார்த்திக்கிடம் இப்போதே பேசு. அலசுவதும் மெஷினில் போடுவதும் அவர் வேலை, உனக்கு முடிகிறபோது மடித்து வை. எங்கள் வீட்டில் இவர்தான் விடிகாலையில் மெஷினைப் போட்டுவிட்டு பஸ் பிடிப்பார். கார்த்திக் ஒத்துக்கொள்ளாவிட்டால் துணியை ஆரம்பிக்காதே, உன் உடம்பு முக்கியம்.

சின்னவன் பகலில் டாய்லெட் சொல்லப் பழகிவிட்டதால் எங்கள் டயப்பரில் பாதி சும்மா கிடக்கிறது. எலாஸ்டிக் தளராதவற்றைப் பொறுக்கி, துவைத்து அடுத்த வாரம் பார்சல் அனுப்புகிறேன். சென்னை முகவரிக்கா, பிரசவத்துக்கு நீ வரப்போகும் உன் அம்மா வீட்டுக்கா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
ரேவதி