பாசிக்குப் போகும் அக்காமாருக்கு ஒரு மடல்

பாம்பனிலிருந்து ஏர்வாடி வரை கடலில் முங்கிப் பாசி பறிக்கப் போகிற அக்காமாருக்கு வணக்கம்.

போன மாதம் நம்மூர் அக்கா ஒருவருக்குத் துணையாக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். விண்ணப்பத்தில் 'தொழில்' என்ற இடத்தில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதினார்கள். கையெழுத்துப் போட நீட்டிய விரல்களை யாரும் பார்க்கவில்லை. துணி சுற்றிக்கொண்டு முங்கியும் பாறை கீறிய தழும்புகள், உப்பில் வெளுத்த நகங்கள். மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற கை அது. அக்கா எதுவும் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

'நாம கத்தினா கேக்கவா போறாங்க?' என்பீர்கள். கேட்டிருக்கிறார்கள். மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ரேஷன் அரிசி கிடையாது என்று ஜெயலலிதா ஆட்சியில் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தினார்களே, ஞாபகமிருக்கிறதா? 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் ஆளுங்கட்சியான அ.தி.மு.க. அணி தோற்றது. ரேஷன் மட்டுமே காரணம் இல்லைதான். அரசு ஊழியர்களின் கோபமும் சேர்ந்திருந்தது. ஆனால் முடிவு வந்த சில நாளிலேயே அந்த முத்திரை போய்விட்டது. அதே ஆட்சி, அதே முதல்வர். காசில்லை என்றார்களே, கஜானா ஒரே வாரத்திலா நிரம்பியது?

விசைப்படகுக்காரர்களுக்குச் சங்கம் உண்டு, வேலைநிறுத்தம் உண்டு. கரை வெறிச்சோடினால் சென்னைக்குத் தெரியும். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கான நிவாரணம் 8,000 ரூபாயாகும் என்ற அறிவிப்பு, 2023 ஆகஸ்டில் நம் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. நாம் ஒருநாள் கடலில் இறங்காவிட்டால் பாசி வியாபாரிக்கு மட்டும்தான் தெரியும்.

வருகிற அக்டோபர் 2 கிராம சபைக்கு எல்லோரும் வாருங்கள். வழக்கமாக நோட்டில் கையெழுத்துப் போட்டு, மிக்சரும் டீயும் ஆனதும் கிளம்பிவிடுகிறோம். இந்த முறை உட்காருங்கள். பாசி எடுப்பவர்களைப் பெயரோடு கணக்கெடுக்க வேண்டும், எந்த விண்ணப்பத்திலும் தொழில் என்று அதையே எழுத வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்து ஊரில் அக்கா தங்கச்சி இருந்தால் அங்கேயும் இதே வரியை எழுதவைக்கச் சொல்லுங்கள். ஓர் ஊர்த் தீர்மானம் என்றால் பீரோவுக்குள் போய்விடும். கரை முழுக்க வந்தால் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்.

அன்றைக்குக் காலையில் கடல் வற்றி, பாசிக்கு இறங்க வேண்டிவருமா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். கூட்டத்தை மதியத்துக்கு வைக்கச் சொல்லி இப்போதே கேட்டுவிடலாம்.

உங்கள் தங்கச்சி,
ஒரு பாசிக்காரம்மாவின் மகள்